மூத்த பிள்ளைகளுக்கான கிறிஸ்தவ வீட்டுவழிக் கல்வி வகுப்புகள்: சிங்கப்பூரில் கட்டணம் கட்டும் முன் செய்ய வேண்டியவை

என் மகளுக்கு 13 வயது நிறைந்தபோது, இனி எல்லாப் பாடங்களையும் நானே வீட்டில் கற்பிக்க முடியாது என்பது தெளிவாகிவிட்டது. தொடக்கநிலைப் பாடங்களைச் சாப்பாட்டு மேசையில் வைத்தே முடித்துவிட்டோம். உயர்நிலை அறிவியலுக்கும் கூடுதல் கணிதத்திற்கும் அந்தப் பாடங்களை அறிந்த ஆசிரியர் தேவைப்பட்டார். வேதத்தின் அடிப்படையில் கற்பிக்கும் வகுப்பாக இருந்தால் நல்லது என்று எண்ணி, அமெரிக்காவிலிருந்து நேரலையில் நடத்தப்படும் ஓர் உயிரியல் வகுப்புக்கு ஓராண்டுக் கட்டணத்தையும் முழுமையாகக் கட்டினேன். வகுப்பு நன்றாகவே நடந்தது. வெங்காயத் தோலை உரித்து, அயோடின் விட்டு, நுண்ணோக்கியில் பார்த்து அவள் பென்சிலால் வரைந்த படங்கள் நாற்பது பக்கக் குறிப்பேடு முழுவதும் நிறைந்திருந்தன. ஆனால் உள்ளூர்த் தேர்வுக்குத் தனித் தேர்வராக (பள்ளி வழியாக அன்றி, சொந்தமாகத் தேர்வு எழுதுபவராக) பதிவு செய்யப் போனபோதுதான், அறிவியல் செய்முறைப் பயிற்சியை முறையான ஆய்வுக்கூடத்தில் முடித்திருக்க வேண்டும் என்பதும், அந்தக் குறிப்பேடு அதற்கு ஈடாகாது என்பதும் தெரிந்தன. அவளுக்கு ஓராண்டு தள்ளிப்போயிற்று.

வகுப்பு நடத்தியவர்கள் என்னை ஏமாற்றவில்லை. நான்தான் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. அதைவிடப் பெரிய பிழை, வகுப்பை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டுத் தேர்வைப் பின்னர் யோசித்தது. கீழே உள்ள படிகளை நான் தட்டுத்தடுமாறிக் கற்ற வரிசையில் எழுதவில்லை. நீங்கள் செய்ய வேண்டிய வரிசையில் எழுதியிருக்கிறேன்.

1. உங்கள் பிள்ளைக்குக் கட்டாயக் கல்விச் சட்டம் பொருந்துமா என்று பாருங்கள்

2003ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் நடப்பிலிருக்கும் கட்டாயக் கல்விச் சட்டத்தின்படி, சிங்கப்பூரில் வசிக்கும் சிங்கப்பூர்க் குடிமக்களான பிள்ளைகள், 6 வயதுக்கு மேல் 15 வயதுக்குள், அரசாங்கத் தொடக்கப்பள்ளியில் படித்தாக வேண்டும். வீட்டில் கற்பிக்க விரும்பும் பெற்றோர் கல்வி அமைச்சின் கட்டாயக் கல்விப் பிரிவிடம் விலக்குப் பெற வேண்டும். நிரந்தரவாசிகளின் பிள்ளைகளுக்கும், வேலை அனுமதியில் வந்திருப்போரின் பிள்ளைகளுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது. தமிழ்நாட்டிலிருந்து அண்மையில் வந்த குடும்பங்கள் பல, தேவையே இல்லாத விலக்கைத் தேடி அலைந்து களைத்துப்போவதைப் பார்த்திருக்கிறேன். அதற்கு மாறாக, குடியுரிமை பெற்ற பிள்ளையின் பெற்றோர் சிலர் விலக்கு வேண்டும் என்பதையே அறியாமல் இருந்துவிடுகின்றனர். பிள்ளையின் குடியுரிமை நிலை என்ன என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

பிள்ளை குடிமகனாக இருந்து, இன்னும் தொடக்கநிலையில் படித்துக்கொண்டிருந்தால், விலக்குக் கடிதம் எழுத்து வடிவில் கைக்கு வரும்வரை பள்ளியிலிருந்து நிறுத்தாதீர்கள். விண்ணப்பத்துடன் பெற்றோரின் கல்விச் சான்றிதழ்கள், பாடத்திட்டம், வாரக் கால அட்டவணை, வீட்டில் கற்பிப்பதற்கான காரணம் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டியிருக்கும். விலக்குப் பெற்ற பிள்ளை தேசியக் கல்வி வினாடிவினாவிலும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயிலும் அமர வேண்டும். பிஎஸ்எல்இயில், அதே ஆண்டில் பொதுத் தரத்தில் நான்கு பாடங்களை எழுதும் மாணவர் அனைவருடனும் ஒப்பிட்டு, 33ஆவது நூற்றுமானத்தை (நூற்றில் ஏறத்தாழ 33 பேரைவிட மேலான நிலையை) தொட வேண்டும் என்பது நிபந்தனை. அந்த நான்கில் தாய்மொழியும் ஒன்று என்பதால் தமிழை ஓரமாக ஒதுக்கிவைக்க வழியில்லை.

பிஎஸ்எல்இயை நிபந்தனைப்படி முடித்துவிட்டால் சட்டத்தின் கட்டாயம் தீர்ந்துவிடுகிறது, ஏனெனில் கட்டாயமாக்கப்பட்டிருப்பது தொடக்கநிலைக் கல்வி மட்டுமே. உயர்நிலையில் எந்த வகுப்பைத் தேர்ந்தெடுப்பது என்பது முழுக்க உங்கள் பொறுப்பு. இதைச் சுதந்திரம் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள்; இனி அமைச்சிலிருந்து யாரும் உங்களுக்கு எதையும் நினைவூட்டப் போவதில்லை.

2. எந்தச் சான்றிதழ் வேண்டும் என்பதை முடிவு செய்யுங்கள்

எந்தக் கிறிஸ்தவ வகுப்பும், எவ்வளவு சிறப்பாக நடத்தப்பட்டாலும், உங்கள் பிள்ளையைப் பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ தொடக்கக் கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ தானாகச் சேர்த்துவிடாது. வெளித்தேர்வு எழுதிப் பெறும் சான்றிதழே அதைச் செய்யும். ஆகவே 13 வயதிலேயே, 16 அல்லது 17 வயதில் பிள்ளையின் கையில் எந்தச் சான்றிதழ் இருக்க வேண்டும் என்று குடும்பமாக அமர்ந்து பேசுங்கள். மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது உள்ளூர்த் தேர்வு. சிங்கப்பூர்-கேம்பிரிட்ஜ் வழக்கநிலை, சாதாரண நிலைத் தேர்வுகளின் இடத்தில் 2027 முதல் சிங்கப்பூர்-கேம்பிரிட்ஜ் உயர்நிலைக் கல்விச் சான்றிதழ்த் தேர்வு வருகிறது. பாடங்கள் ஜி1, ஜி2, ஜி3 என்ற நிலைகளில் எழுதப்படும்; அவற்றில் ஜி3 மிகக் கடினமானது. ஆங்கிலம், தாய்மொழி எழுத்துத் தேர்வுகள் செப்டம்பரிலும் மற்றப் பாடங்கள் அதற்குப் பின்னரும் நடைபெறும். பழைய சாதாரண நிலைத் தேர்வை மனத்தில் வைத்து எழுதப்பட்ட வழிகாட்டிகளும் பழைய வினாத்தாள் தொகுப்புகளும் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. உங்கள் பிள்ளை எழுதப்போகும் ஆண்டுக்கான பாடத்திட்டத்தைச் சிங்கப்பூர்த் தேர்வுகள், மதிப்பீட்டுக் கழகத்தின் இணையத்தளத்திலிருந்து நீங்களே இறக்கி அச்சிட்டுக்கொள்ளுங்கள். உள்ளூர்ப் பலதுறைத் தொழிற்கல்லூரியே இலக்கு என்றால் இந்த வழியே நேரானது.

இரண்டாவது, கேம்பிரிட்ஜ் நடத்தும் அனைத்துலக உயர்நிலைத் தேர்வான ஐஜிசிஎஸ்இ. மே-ஜூன், அக்டோபர்-நவம்பர் என ஆண்டுக்கு இரண்டு பருவங்கள் இருப்பதால், பாடங்களைப் பிரித்து எழுத முடிகிறது. வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு பெரிய வசதியும் உண்டு. அறிவியல் பாடங்களில் ஆய்வுக்கூடத் தேர்வுக்குப் பதிலாக, செய்முறை அறிவை எழுத்தில் சோதிக்கும் மாற்றுத்தாள் இருக்கிறது. என் மகளின் ஓராண்டு எதனால் வீணானது என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த ஒரு வேறுபாடு எவ்வளவு பெரியது என்று உங்களுக்குப் புரியும்.

மூன்றாவது அமெரிக்க முறை. வகுப்பு நடத்துவோர் தரும் மதிப்பெண் பட்டியலுடன், அமெரிக்கப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான சாட் தேர்வு, மே மாதத்தில் நடைபெறும் பல்கலைக்கழகத் தரத்திலான ஏபி பாடத் தேர்வுகள் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுப்பது. பல்கலைக்கழகத்தை மட்டுமே நோக்கிச் செல்லும் பிள்ளைக்கு இது பொருந்தலாம். ஆனால் பெற்றோர் கையொப்பமிட்ட மதிப்பெண் பட்டியலை ஒரு கல்வி நிலையம் ஏற்குமா என்பதை அந்த நிலையத்தின் மாணவர் சேர்க்கைப் பிரிவிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைச் சேமித்து வைக்காமல் இந்த வழியில் இறங்காதீர்கள். தொலைபேசியில் ஒருவர் சொன்ன "சரி" மூன்று ஆண்டுகளுக்குப் பின் உதவாது.

பிள்ளை பல வழிகளில் ஒரே நேரத்தில் கால் வைக்கலாம் என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். ஒரு வழியைத் தேர்ந்து, அதற்குத் தேவையான ஐந்தாறு பாடங்களை உறுதியாகப் படிப்பதே நல்லது என்பது என் கருத்து. இரண்டு பாடத்திட்டங்களைச் சுமந்த பிள்ளைகள் பதினைந்து வயதில் சோர்ந்துபோனதை எங்கள் சபையிலேயே கண்டிருக்கிறேன்.

3. எவ்வகை வகுப்பு என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

இங்கே கிடைப்பவை பெரும்பாலும் மூன்று வகை. வெளிநாட்டிலிருந்து நேரலையில் நடத்தப்படும் இணைய வகுப்பு. நான்கைந்து கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்து ஓர் ஆசிரியரை அமர்த்தி நடத்தும் உள்ளூர்க் குழு வகுப்பு. சாதாரணத் துணைப்பாட நிலையம். மூன்றாவது வகை கிறிஸ்தவக் கல்வி அன்று என்றாலும் அதைத் தள்ளிவிட வேண்டாம். கூடுதல் கணிதத்தைத் துணைப்பாட நிலையத்திலும், இலக்கியம், வரலாறு, வேதபாடம், விசுவாசத்திற்கான நியாயங்களை எடுத்துரைக்கும் பயிற்சி ஆகியவற்றைக் கிறிஸ்தவ வகுப்பிலும் படிக்கும் பிள்ளைகளே எங்கள் வட்டத்தில் நிலையாக முன்னேறியிருக்கிறார்கள். உலகத்தை எப்படிப் பார்ப்பது என்ற கேள்வி எந்தப் பாடத்தில் மிகுதியாக எழுகிறதோ, அந்தப் பாடத்திற்கு உங்கள் பணத்தைச் செலவிடுங்கள். இருபடிச் சமன்பாட்டை யார் கற்பித்தாலும் விடை ஒன்றுதான்.

இணைய வகுப்பில் முதலில் கவனிக்க வேண்டியது கடிகாரம். சிங்கப்பூர் நேரம் நியூயார்க் நேரத்தைவிடக் கோடையில் 12 மணி நேரமும், குளிர்காலத்தில் 13 மணி நேரமும் முந்தியது. அங்கே செவ்வாய் காலை 10 மணிக்கு நடக்கும் வகுப்பு இங்கே அன்றிரவு 10 மணிக்கு, நவம்பரில் கடிகாரத்தை மாற்றிய பிறகு 11 மணிக்கு நடக்கும். அங்கே திங்கள் மாலை 7 மணி வகுப்போ இங்கே செவ்வாய் காலை 7 அல்லது 8 மணிக்கு வரும். எழுந்து, ஜெபித்து, காலையுணவு முடித்து உட்காரும் பிள்ளைக்கு இதுதான் ஏற்ற நேரம். பகலில் வகுப்பெடுக்கும் ஆசிரியர் எவ்வளவு புகழ்பெற்றவராக இருந்தாலும், இரவு 11 மணிக்குப் பதினான்கு வயதுப் பிள்ளையை விழித்திருக்கச் செய்து இயற்பியல் கற்பிக்க முடியாது. ஒரு பருவம் முயன்று பார்த்துவிட்டே இதைச் சொல்கிறேன்.

கல்வியாண்டும் பொருந்தாது. அங்கே ஆகஸ்ட் இறுதி அல்லது செப்டம்பரில் தொடங்கி மே மாதம் முடியும். இங்கே ஜனவரியில் தொடங்குகிறது. உள்ளூர்த் தேர்வு எழுதும் ஆண்டில், வகுப்பு மே மாதம் முடிந்த பிறகு தேர்வு வரையுள்ள மாதங்களில் யார் மீள்பார்வை செய்விப்பது என்பதை முன்னரே ஏற்பாடு செய்ய வேண்டும்.

4. பாடத்திட்டத்தைத் தேர்வோடு வரிவரியாக ஒப்பிடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிச் செல்லாதீர்கள். அச்சிட்ட தேர்வுப் பாடத்திட்டத்தை ஒரு பக்கமும், வகுப்பின் பாட அட்டவணையை மறுபக்கமும் வைத்து, ஒவ்வொரு தலைப்பையும் பென்சிலால் குறித்துக்கொண்டே வாருங்கள். இரண்டு மாலைகள் ஆகும். விடுபட்ட தலைப்புகளை ஒரு தாளில் எழுதி, அவற்றை யார் கற்பிப்பது என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயர் எழுதுங்கள். பெயர் எழுத முடியாத வரிகள் ஐந்துக்கு மேல் இருந்தால், அந்த வகுப்பு உங்கள் பிள்ளைக்கு ஏற்றதன்று.

கணிதத்தில் வேறுபாடு எளிதில் தெரியும். அமெரிக்கப் பாடநூல்கள் இயற்கணிதத்தை ஓராண்டு, வடிவியலை ஓராண்டு, மீண்டும் இயற்கணிதத்தை ஓராண்டு எனப் பிரித்துக் கற்பிக்கின்றன. இங்கே எல்லாம் ஒவ்வோர் ஆண்டும் கலந்தே வருகின்றன. ஆகவே அமெரிக்க முறையில் ஓராண்டு நன்றாகப் படித்த பிள்ளைகூட, உள்ளூர் உயர்நிலை இரண்டாம் வகுப்பு வினாத்தாளில் பாதியைத் தொடாமல் விடக்கூடும். சொற்களும் மாறும். ஒரு நாள் மாலை என் மகள் ஒரு நாற்கரத்தை வரைந்து, ஒரு சோடிப் பக்கங்களில் இணைகோட்டுக் குறியிட்டு, அருகே "ட்ரபிசாய்ட்" என்று எழுதியிருந்தாள். இங்கே அதன் பெயர் "ட்ரபீசியம்". கோட்டின் சாய்வை அவள் "ஸ்லோப்" என்றாள். இங்குள்ள வினாத்தாள் "கிரேடியன்ட்" என்று கேட்கிறது. சிறிய விஷயம்தான், ஆனால் தேர்வறையில் ஒரு சொல்லுக்காக மூன்று நிமிடம் திகைத்து நிற்கும் பிள்ளைக்கு அது சிறியதன்று. இரு நாட்டுக் கணிதச் சொற்களையும் எதிரெதிரே எழுதிய ஓர் அட்டையை மேசைமேல் ஒட்டி வைத்தோம்.

அறிவியலில் இரண்டு இடங்களில் விழிப்பாக இருங்கள். முதலாவது, நான் விழுந்த குழி: உள்ளூர்த் தேர்வில் செய்முறை அடங்கிய அறிவியல் பாடத்தை எழுதும் தனித் தேர்வர், அந்தப் பாடத்தை முன்னரே எழுதியிருக்க வேண்டும் அல்லது செய்முறைப் பயிற்சி வகுப்பை முடித்திருக்க வேண்டும். அத்தகைய பயிற்சியை ஆய்வுக்கூடம் வைத்திருக்கும் தனியார் கல்வி நிலையங்களில் பெறலாம். இடங்கள் விரைவில் நிரம்பிவிடும் என்பதால், தேர்வுப் பதிவுக்குப் பல மாதங்களுக்கு முன்பே அங்கே பெயர் கொடுத்துவிடுங்கள். இரண்டாவது, உயிர்களின் தோற்றம். கிறிஸ்தவப் பாடநூல்கள் சில பரிணாமத்தைத் தொடுவதே இல்லை. சில, மறுப்பதற்காக மட்டும் தொடுகின்றன. ஆனால் ஐஜிசிஎஸ்இ உயிரியல் பாடத்திட்டத்தில் இயற்கைத் தேர்வு உண்டு. அதிலிருந்து கேள்வியும் வரும். உங்கள் குடும்பத்தின் நம்பிக்கை எதுவானாலும், கேட்கப்படுவதை எழுதத் தெரியாமல் பிள்ளையைத் தேர்வறைக்கு அனுப்பாதீர்கள். "அறிவியலார் கூறும் விளக்கம் இது, வேதம் நமக்குச் சொல்வது இது" என்று இரண்டையும் தெளிவாகப் பேசும் ஆசிரியரை நான் தேடிக் கண்டுபிடித்தேன். கேள்வி கேட்கப் பயப்படாத பிள்ளையின் விசுவாசம் உறுதிப்பட்டதையும் கண்டேன்.

5. விசுவாச அறிக்கையை முழுமையாகப் படியுங்கள்

கிறிஸ்தவ வகுப்புகள் பெரும்பாலும் ஒரு விசுவாச அறிக்கையை இணைத்திருக்கும். அதில் ஆசிரியர்கள் மட்டும் கையொப்பமிட வேண்டுமா, பெற்றோரும் இட வேண்டுமா என்று பாருங்கள். கத்தோலிக்கக் குடும்பங்களுக்கும், ஞானஸ்நானம் போன்றவற்றில் வேறு போதனையைப் பின்பற்றும் சபையினருக்கும் அதில் ஏற்க இயலாத வரிகள் இருக்கலாம். பணம் கட்டிய பிறகு அதைக் கண்டுபிடிப்பது இரு தரப்புக்கும் மனவருத்தம் தரும். மனச்சாட்சி இடறும் வரி இருந்தால், அதைக் குறிப்பிட்டு எழுதிக் கேளுங்கள். பல இடங்களில், "பிள்ளைக்கு இது கற்பிக்கப்படும் என்பதை அறிவோம்" என்ற அளவில் பெற்றோரின் ஒப்புதல் போதும் என்பார்கள்.

6. உள்ளூர்க் குழு வகுப்பு என்றால் இடத்தையும் ஆளையும் விசாரியுங்கள்

சிராங்கூன் பக்கம் எங்கள் குழு தொடங்கியபோது, "என் வீட்டிலேயே நடத்தலாமே, எட்டுப் பிள்ளைகள்தானே" என்று ஒரு சகோதரி அன்போடு சொன்னார். அது முடியாது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் துணைப்பாடம் நடத்தலாம், ஆனால் ஒரே நேரத்தில் மூன்று பிள்ளைகளுக்கு மேல் கூடாது. எனவே சபையின் வகுப்பறையைக் கேட்டோம். பத்து அல்லது அதற்கு மேற்பட்டோருக்குக் கற்பிக்கும் அமைப்பு, கல்விச் சட்டத்தின்கீழ் பள்ளியாகப் பதிவு செய்யப்பட வேண்டும் என்பதையும் அப்போதுதான் அறிந்தோம். குழு நன்றாக நடந்தால் புதிய குடும்பங்கள் வந்து கேட்பார்கள். மறுக்க மனம் வராது. எண்ணிக்கை தானாகவே பத்தைத் தொட்டுவிடும். அந்த நாளுக்கு முன்பே பொறுப்பாளர்கள் கல்வி அமைச்சிடம் விசாரித்துவிட வேண்டும். நீங்கள் சேரப்போகும் வகுப்பில் பத்து அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகள் இருந்தால், பதிவு செய்யப்பட்டிருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள்.

ஆசிரியரின் அனுமதி நிலையையும் கேட்க வேண்டும். கணவருடன் சார்ந்திருப்போர் அனுமதியில் வந்திருக்கும், நன்கு படித்த சகோதரிகள் நம் சபைகளில் பலர். 2021 மே 1 முதல், சார்ந்திருப்போர் அனுமதி வைத்திருப்பவர் இங்கே வேலை செய்ய வேண்டுமானால் முறையான வேலை அனுமதி பெற வேண்டும். "கையில் கொஞ்சம் கொடுத்துவிடுவோம்" என்ற நல்லெண்ணம் அவருடைய குடும்பத்தின் தங்கும் உரிமைக்கே இடையூறாகிவிடலாம். கேட்பது சங்கடமாக இருக்கும். ஆயினும் கேளுங்கள், அவருடைய நன்மைக்காகவே.

பிள்ளைகளின் பாதுகாப்பைப் பொறுத்தவரை, சபை என்பதால் தளர்வு கூடாது. கண்ணாடிக் கதவுள்ள அறை, வகுப்பு முடியும்வரை இரண்டாவது பெரியவர் ஒருவர் அதே தளத்தில் இருத்தல், ஆசிரியர் பிள்ளைகளுக்குத் தனிப்பட்ட செய்தி அனுப்பாமல் பெற்றோர் உள்ள வாட்ஸ்அப் குழுவில் மட்டும் எழுதுதல் ஆகிய மூன்றையும் எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகே என் மகனை அனுப்பினேன். நல்ல ஆசிரியர் இதற்கு வருந்தமாட்டார்.

7. தமிழைத் தனியே திட்டமிடுங்கள்

வெளிநாட்டுக் கிறிஸ்தவ வகுப்புகளில் தமிழ் கிடையாது. உள்ளூர்க் குழுக்களிலும் ஆங்கிலமே நடக்கும். ஞாயிறு ஆராதனை தமிழில் நடக்கிறது, வேதாகமத்தைத் தமிழில் வாசிக்கிறாள், ஆகவே தமிழ் பற்றிக் கவலை இல்லை என்று நான் எண்ணியிருந்தேன். ஒரு கட்டுரையில் அவள், "அவன் அவளை நோக்கி: நீ எங்கே போகிறாய் என்றான்" என்றும், "அக்காலத்திலே ஒரு மனுஷன் இருந்தான்" என்றும் எழுதி வந்தபோது கண் திறந்தது. வேதாகமத் தமிழின் அழகு வேறு, தேர்வு எதிர்பார்க்கும் இக்கால உரைநடை வேறு. திருத்திய தமிழாசிரியர் "மனுஷன்" என்பதைச் சுழித்து, ஓரத்தில் "மனிதன்" என்று சிவப்பில் எழுதியிருந்தார். வேத வாசிப்பை விட்டுவிட வேண்டாம். அதனுடன் தமிழ் முரசு நாளிதழையும், தேசிய நூலக வாரிய நூலகங்களில் உள்ள தமிழ்ச் சிறுகதைத் தொகுப்புகளையும் வாரத்திற்கு மூன்று நாளாவது வாசிக்கச் செய்யுங்கள். வாய்மொழித் தேர்வு எழுத்துத் தேர்வுக்கு முன்னரே வந்துவிடும். வீட்டில் பேச்சுத் தமிழில் மட்டும் உரையாடிப் பழகிய பிள்ளைக்கு, ஒரு காணொளியைப் பார்த்துத் தொடர்ச்சியாகக் கருத்துரைக்கத் தனிப் பயிற்சி தேவை.

8. கட்டணத்தின் முழுத் தொகையைக் கணக்கிடுங்கள்

விளம்பரத்தில் தெரியும் தொகை ஒருபோதும் முழுத் தொகை அன்று. வெளிநாட்டு வகுப்பு என்றால் பதிவுக் கட்டணம், பாடநூல், அனுப்பும் செலவு, கடன் அட்டை வழியே அந்நியச் செலாவணியில் கட்டும்போது வங்கி சேர்க்கும் கட்டணம் ஆகிய எல்லாம் கூடும். 2023 ஜனவரி 1 முதல், இங்கே பொருள் சேவை வரிக்குப் பதிந்துள்ள வெளிநாட்டு நிறுவனங்கள், நேரலை வகுப்புகளுக்கும் அந்த வரியை வசூலிக்க வேண்டும். வரி விகிதம் 2024 முதல் 9 விழுக்காடு. 400 வெள்ளிக்கு மேற்பட்ட மதிப்புள்ள நூல் பொதி வந்தாலும் இறக்குமதியின்போது வரி உண்டு. ஆசிரியர் கையேட்டை வகுப்பினர் வாங்கச் சொல்லும்போது, அது பெற்றோருக்குத் தேவையா என்று கேளுங்கள். ஆசிரியர் நடத்தும் வகுப்பில் பெரும்பாலும் தேவைப்படாது. முந்தைய ஆண்டுப் பிள்ளைகளிடம் பழைய பதிப்புகள் கிடைக்கும். பதிப்பு எண்ணை மட்டும் சரிபார்த்து வாங்குங்கள்.

உள்ளூர்க் குழுவில் கணக்கு வேறுமாதிரி. நாங்கள் ஆறு குடும்பங்கள் சேர்ந்து, ஒன்றரை மணி நேர வகுப்புக்கு ஆசிரியருக்கு 150 வெள்ளி என்று பேசிக்கொண்டோம். குடும்பத்துக்கு 25 வெள்ளி. மூன்றாம் மாதம் ஒரு குடும்பம் விலகியபோது அது 30 ஆயிற்று. மற்றொருவர் விலகினால் என்ன செய்வது என்று எல்லோரும் கவலைப்பட்டோம். அதன்பின், பருவத் தொடக்கத்திலேயே பருவம் முழுவதற்குமான தொகையைக் கட்டுவது, இடையில் விலகினால் திரும்பப் பெற முடியாது என்று ஒரு பக்க ஒப்பந்தம் எழுதிக்கொண்டோம். சொந்தபந்தம், சபை உறவு என்பதால் எழுதத் தயங்கினோம்; எழுதிய பிறகுதான் உறவு காப்பாற்றப்பட்டது. பேநவ் வழியாகக் கட்டி, ஒவ்வொரு பரிமாற்றத்திலும் பிள்ளையின் பெயரையும் பருவத்தையும் குறிப்பிடுங்கள்.

தனித் தேர்வர் கட்டணம் பாடவாரியாகக் கூடும் என்பதையும், செய்முறைப் பயிற்சிக்குத் தனிச் செலவு உண்டு என்பதையும் முதலாண்டிலேயே ஒதுக்கி வையுங்கள். குடிமக்களான பிள்ளைகளுக்கு, வீட்டில் படித்தாலும், 7 முதல் 16 வயது வரை, கல்விச் செலவுக்கான எடுசேவ் கணக்கில் அரசாங்கம் ஆண்டுதோறும் தொகை செலுத்துகிறது. எதற்கெல்லாம் அதைப் பயன்படுத்தலாம் என்பதைச் செலவு செய்யும் முன் அமைச்சிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

9. ஆண் பிள்ளை என்றால் தேசிய சேவையை இப்போதே நினையுங்கள்

குடிமக்களான ஆண் பிள்ளைகளும், பெற்றோர் வழியாக நிரந்தரவாசம் பெற்ற ஆண் பிள்ளைகளும் பதினாறரை வயதில் தேசிய சேவைக்கு (இராணுவம் போன்ற படைகளில் கட்டாயப் பணிக்கு) பதிந்துகொள்ள வேண்டும். பள்ளியில் படிக்கும் பிள்ளைக்குச் சேவையைத் தள்ளிவைக்கப் பள்ளி உதவும்; வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு நீங்களே கடிதம் எழுதி, எந்தத் தேர்வுக்கு, எந்த ஆண்டில், எங்கே படிக்கிறார் என்பதை ஆவணத்துடன் விளக்க வேண்டும். ஆகவே 15 வயதிலேயே, இந்தப் பதிவைக் கவனிக்கும் மத்திய ஆள்பல நிலையத்தைத் தொடர்புகொள்ளுங்கள். 13 வயது நிறைந்த ஆண் பிள்ளை மூன்று மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் தங்கினால், நாட்டைவிட்டு வெளியே செல்வதற்கான அனுமதி (எக்ஸிட் பெர்மிட்) தேவை. "பள்ளிதான் இல்லையே, மதுரையில் பாட்டி வீட்டில் ஆறு மாதம் இருந்து இணைய வகுப்பைப் படிக்கட்டும்" என்று முடிவெடுக்கும் குடும்பங்கள் இதைக் கவனிப்பதில்லை.

10. கோப்பும் நாட்காட்டியும்

ஒரு தடித்த கோப்பு வாங்கி முதல் நாளிலிருந்தே சேருங்கள்: பிறப்புச் சான்றிதழின் நகல், விலக்குக் கடிதம், பிஎஸ்எல்இ முடிவு, ஒவ்வொரு வகுப்பின் பாட அட்டவணை, ஆசிரியர் கையொப்பமிட்ட பருவ அறிக்கை, பயன்படுத்திய நூல்களின் பட்டியல், செய்முறைப் பயிற்சிச் சான்று, கட்டண ரசீதுகள், கல்வி நிலையங்களுடன் நடந்த மின்னஞ்சல்களின் அச்சுப் பிரதி. பருவ அறிக்கையை ஆசிரியரிடம் அந்தப் பருவம் முடிந்த வாரத்திலேயே வாங்கிவிடுங்கள். இரண்டு ஆண்டுகள் கழித்துக் கேட்டபோது, எங்கள் வரலாற்று ஆசிரியர் ஊரை விட்டே போயிருந்தார். வகுப்பு நடத்திய குழுவும் கலைந்துவிட்டது.

நாட்காட்டி இப்படி அமையட்டும். தேர்வு எழுதும் ஆண்டுக்கு முந்தைய ஆண்டின் நடுப்பகுதியில் செய்முறைப் பயிற்சிக்கு இடம் பிடியுங்கள். அதே ஆண்டின் இறுதிக்குள் தேர்வுப் பாடங்களை உறுதி செய்யுங்கள். உள்ளூர்த் தேர்வுக்கான தனித் தேர்வர் பதிவு பொதுவாகத் தேர்வாண்டின் மார்ச், ஏப்ரல் மாதங்களை ஒட்டிக் குறுகிய காலம் மட்டுமே திறந்திருக்கும். வயது, முன்படிப்பு ஆகியவற்றுக்கு நிபந்தனைகள் உண்டு. அவற்றை ஜனவரியிலேயே படித்துவிடுங்கள். சிங்பாஸ் கணக்கு, அடையாள அட்டை, செய்முறைப் பயிற்சிச் சான்று, கட்டணம் செலுத்தும் அட்டை ஆகிய நான்கையும் பதிவு தொடங்கும் முதல் நாள் காலையிலேயே மேசைமேல் எடுத்து வையுங்கள். பாடக் குறியீட்டு எண்ணை உள்ளிடும்போது, பிள்ளையையும் அருகில் அமர்த்தி, அச்சிட்ட பாடத்திட்டத்தின் முகப்பில் உள்ள எண்ணோடு ஒருமுறை வாய்விட்டு ஒப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பதிவு முடிந்ததும் வரும் உறுதிப்படுத்தும் தாளை அச்சிட்டு, அந்தக் கோப்பின் முதல் பக்கத்தில் செருகி வையுங்கள்.